எல்விஎம் ஸ்னாப்ஷாட் வழியாக விஎம் டிஸ்க் பேக்கப்: ஸ்கிரிப்ட் எழுத முழுமையான வழிகாட்டி

ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினின் (விஎம்) டிஸ்க்கை, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடி கமாண்டை நேரடியாகப் போட்டு காப்பி எடுத்தால், காப்பியின் தலைப்பகுதி ராத்திரி 2 மணி நிலையில் இருக்கும், வால்பகுதி 2:40 மணி நிலையில் இருக்கும். இடையில் ஃபைல் சிஸ்டம் எழுதியதில் பாதி காப்பியில் வந்திருக்கும், மீதி வந்திருக்காது. மீட்டால் பூட் ஆகலாம். பூட் ஆன பிறகு டேட்டாபேஸ் திறக்குமா என்பது அதிர்ஷ்டம்.

எல்விஎம் (லினக்ஸின் லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) தரும் ஸ்னாப்ஷாட் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. டிஸ்க்கின் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்தித் தருகிறது. நாம் நிதானமாக அதிலிருந்து காப்பி எடுக்கலாம், விஎம் தன் வேலையைப் பார்க்கலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டே பேக்கப் ஆகாது. அது இருப்பதும் அதே டிஸ்க்கில்தான். காப்பி முடிகிற வரை மட்டும் தேவைப்படும் சாரம் மாதிரி அது. வேலை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும்.

லினக்ஸ் ஹோஸ்ட் (விஎம்கள் ஓடும் மெஷின்), விஎம்களை ஓட்டும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட், ஒவ்வொரு விஎம் டிஸ்க்குக்கும் ஒரு லாஜிக்கல் வால்யூம் (எல்வி) என்ற அமைப்பை வைத்து எழுதுகிறேன். டிஸ்க்குகளை கியூகவ்2 ஃபைல்களாக வைத்திருந்தால் வழி வேறு.

அப்படியே ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்கிரிப்ட் இங்கே இல்லை, வேண்டுமென்றேதான் தரவில்லை. பேக்கப் ஸ்கிரிப்ட்டை ஒட்டியவர்கள் பலர், அதில் எந்த வரி எதற்கு என்று தெரியாமலே நள்ளிரவில் அதைத் திருத்த உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்த வேலை எதற்கு முன் வர வேண்டும், ஏன் என்பதைச் சொல்கிறேன். கமாண்டுகளை வாயால் சொல்லும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். ஆப்ஷன்களின் நுணுக்கம் மேன் பேஜில் இருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வால்யூம் குரூப்பில் (விஜி; எல்விகளுக்கு இடம் தரும் டிஸ்க் தொகுப்பு) காலி இடம் வேண்டும். விஜிஎஸ் கமாண்டைப் போட்டு விஃப்ரீ என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் இன்றைக்கு வேலை நடக்காது. இன்ஸ்டால் செய்யும்போது முழு இடத்தையும் எல்விகளுக்குப் பங்கு போட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. ஒரு எல்வியைச் சுருக்குவதைவிட இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்து விஜியைப் பெரிதாக்குவது பாதுகாப்பு.

இரண்டாவது, பேக்கப் போய்ச் சேரும் இடம். வேறு டிஸ்க்கில், முடிந்தால் வேறு மெஷினில். ஒரு வேடிக்கையான பொறி உண்டு: பேக்கப்பைச் சேமிக்கும் என்எஃப்எஸ் சர்வரே அதே ஹோஸ்டில் ஒரு விஎம்மாக ஓடும். அந்த விஎம்மின் முறை வரும்போது ஸ்கிரிப்ட் அதை உறைய வைக்கும், அதாவது அது டிஸ்க்கில் எழுதுவதைச் சற்று நிறுத்தி வைக்கும். பிறகு உறைந்துபோன அதே சர்வரில் லாக் எழுதக் காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, விஎம்முக்குள்ளே (அதாவது கெஸ்ட்டில்) கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற, ஹோஸ்ட் சொல்வதை உள்ளே செய்யும் சர்வீஸ் ஓட வேண்டும். பேக்கேஜை நிறுவினால் மட்டும் போதாது, விஎம்மின் எக்ஸ்எம்எல்லில் அதற்கான சேனலும் இருக்க வேண்டும். விர்ஷ் (லிப்விர்ட்டின் கமாண்ட்) வழியாக ஏஜென்ட்டுக்கு ஒரு பிங் அனுப்பிப் பதில் வருகிறதா என்று இப்போதே பாருங்கள்.

நான்காவது, எந்த விஎம்முக்கு எந்த டிஸ்க் என்ற பட்டியல். இதை நினைவிலிருந்து எழுதாதீர்கள். விர்ஷ் டாம்-பிளாக்-லிஸ்ட் சொல்வதை ஸ்கிரிப்ட்டே படித்துக்கொள்ளட்டும். ஆறு மாதம் கழித்து யாராவது இரண்டாவது டிஸ்க் ஒன்றைச் சேர்ப்பார். கையால் எழுதிய பட்டியலில் அது ஏறாது. மீட்கும் நாளில்தான் தெரியவரும்.

2. ஸ்னாப்ஷாட்டுக்கு எவ்வளவு இடம்

எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். சாதாரண ஸ்னாப்ஷாட் முழு டிஸ்க்கையும் நகலெடுப்பதில்லை. மூல எல்வியில் ஏதாவது ஒரு துண்டு மாறப்போகும்போது, அதன் பழைய உள்ளடக்கத்தை முதலில் ஸ்னாப்ஷாட்டின் இடத்துக்கு நகர்த்தி வைக்கிறது. ஆகவே தேவைப்படும் இடம் டிஸ்க்கின் அளவைப் பொறுத்தது அல்ல. காப்பி ஓடும் நேரத்தில் விஎம் எத்தனை வெவ்வேறு துண்டுகளை மாற்றுகிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு கணக்கு போடுவோம். டிஸ்க் 100 ஜிபி. காப்பி நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால் சுமார் 17 நிமிடத்தில் முடியும். விஎம் நொடிக்கு 5 எம்பி எழுதுகிறது என்றால் சுமார் 5 ஜிபி போதும். இப்போது கம்ப்ரஷன் சேர்க்கிறீர்கள், வேகம் 40 எம்பிக்கு இறங்குகிறது. அதே காப்பிக்கு 43 நிமிடம் ஆகும். அதே விஎம்முக்கு 12.5 ஜிபி வேண்டும். விஎம்மில் எதுவுமே மாறவில்லை, உங்கள் கம்ப்ரஷன் அளவை மட்டும்தான் மாற்றினீர்கள்.

இடம் நிரம்பினால் என்ன ஆகும்? மூல டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, விஎம் வழக்கம்போல் ஓடும். ஸ்னாப்ஷாட் மட்டும் செல்லாததாகிவிடும். அதற்கு மேல் அதைப் படித்தால் ஐ/ஓ எரர் வரும். திரும்ப உயிர்ப்பிக்க வழியில்லை. அந்த ராத்திரி பேக்கப் போனது போனதுதான்.

அதனால் ஊகிக்காமல் அளந்து பாருங்கள். ஒரு நாள், பேக்கப் ஓடப்போகும் அதே நேரத்தில், தாராளமான அளவில் ஒரு ஸ்னாப்ஷாட்டைக் கையால் எடுத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை எல்விஎஸ் (எல்விகளைப் பட்டியலிடும் கமாண்ட்) போட்டு டேட்டா சதவீதம் எப்படி ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 ஜிபி ஸ்னாப்ஷாட்டில் 3, 5, 6, பிறகு திடீரென்று 31 என்று தாவினால், அந்த நேரத்தில் விஎம்முக்குள் ஏதோ ஓடியிருக்கிறது. பெரும்பாலும் டேட்டாபேஸ் டம்ப், அல்லது சிஸ்டம் அப்டேட். இரண்டு வேலைகளையும் ஒரே மணிக்கு வைக்காமல் தள்ளி வையுங்கள். ஸ்வாப் அதே டிஸ்க்கில் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

கிடைத்த உச்ச அளவை இரண்டால் பெருக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். காலி இடம் எப்படியும் காப்பி முடிந்ததும் திரும்பிவிடும், கஞ்சத்தனம் வேண்டாம்.

எல்விஎம் கான்ஃபிக்கில் ஸ்னாப்ஷாட் தானாக நீளும் வசதி இருக்கிறது. ஆனால் இயல்பில் அதன் வரம்பு 100 என்று இருக்கும்; அதாவது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 70 என்று மாற்றினால், 70 சதவீதம் தாண்டியதும் குறிப்பிட்ட அளவு நீட்டும். அதற்கு டிஎம்-ஈவன்ட்-டி என்ற கண்காணிப்பு சர்வீஸ் ஓட வேண்டும், விஜியில் காலி இடமும் வேண்டும். இதைக் காப்பீடாக வைத்துக்கொள்ளுங்கள், அளந்து பார்க்காமல் விட இது காரணமாகிவிடக் கூடாது.

தின் பூல் (எழுத எழுத மட்டும் எல்விகள் இடம் எடுத்துக்கொள்ளும் பொதுத் தொகுப்பு) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே ஸ்னாப்ஷாட்டுக்கு அளவே கொடுப்பதில்லை. அளவு கொடுத்தால் தின் ஸ்னாப்ஷாட்டுக்குப் பதிலாகப் பழைய வகை ஸ்னாப்ஷாட் உருவாகிவிடும், கவனம். இடம் பூலிலிருந்து போகும். பூல் நிரம்பினால் பாதிப்பு ஸ்னாப்ஷாட்டோடு நிற்காது, அந்தப் பூலில் இருக்கும் எல்லா விஎம்களுக்கும் சேர்த்துத்தான். டேட்டா சதவீதத்தோடு மெட்டாடேட்டா சதவீதத்தையும் பாருங்கள். இன்னொன்று, தின் ஸ்னாப்ஷாட் உருவானதும் தானாக ஆக்டிவேட் ஆகாது. எல்வி-சேஞ்சுக்கு மைனஸ் ஏஒய் உடன் பெரிய எழுத்து கே சேர்த்துக் கொடுத்தால்தான் அதன் டிவைஸ் கண்ணுக்குத் தெரியும். “ஸ்னாப்ஷாட் எடுத்தேன், ஆனால் டிவைஸைக் காணோம்” என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

3. உருவாக்கும் வரிக்கு முன்னால் நீக்கும் வரியை எழுதுங்கள்

ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் இரண்டு விஷயங்கள் பின்னால் கிடக்கும்: உறைந்த நிலையில் ஒரு விஎம், நீக்கப்படாத ஒரு ஸ்னாப்ஷாட். முதலாவது உடனே வலிக்கும். இரண்டாவது மெதுவாக; ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை மூல டிஸ்க்கின் ஒவ்வொரு புதுத் துண்டிலும் எழுதும்போது கூடுதலாக ஒருமுறை படிப்பதும் ஒருமுறை எழுதுவதும் நடக்கும். விஎம் ஏன் மந்தமாகிவிட்டது என்று இரண்டு நாள் விஎம்முக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் பேஷ் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே டிராப் போட்டு, எக்ஸிட்டில் ஓடும் ஒரு துப்புரவு ஃபங்ஷனை வையுங்கள். அதன் முதல் வரி, அப்போதைய எக்ஸிட் கோடை (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) பத்திரப்படுத்துவது. அடுத்து எந்த கமாண்ட் ஓடினாலும் அந்த எண் மாறிவிடும். இரண்டாவது, விஎம்மை உறைநிலையிலிருந்து விடுவிப்பது. மூன்றாவது, ஸ்னாப்ஷாட்டை நீக்குவது. விடுவிப்பது தோல்வியடைந்தாலும் நீக்குவது ஓட வேண்டும். ஒன்றின் தோல்வி மற்றதைத் தடுக்காதபடி எழுதுங்கள். ஏற்கெனவே விடுவித்த விஎம்மை இன்னொருமுறை விடுவிக்கச் சொன்னால் ஒன்றும் கெடாது, ஆகவே யோசிக்காமல் எப்போதும் கூப்பிடலாம்.

இப்போது இந்த வழிகாட்டியிலேயே ஆபத்தான வரி: எல்வி-ரிமூவ் மைனஸ் எஃப். இதற்கு ஒரு விஜியின் பெயரை மட்டும் கொடுத்தால், அந்த விஜியில் இருக்கும் எல்லா எல்விகளையும் நீக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். மைனஸ் எஃப் இருப்பதால் கேள்வியும் கேட்காது. ஸ்னாப்ஷாட் பெயர் வைத்திருக்கும் வேரியபிள் காலியாகிவிட்ட ஒரு ஸ்கிரிப்ட், கமாண்டில் விஜி பெயரை மட்டும் மிச்சம் வைத்தது. ஓடிக்கொண்டிருந்த விஎம்களின் டிஸ்க்குகள் பயன்பாட்டில் இருந்ததால் தப்பின. நிறுத்தி வைத்திருந்தவை போயின.

இதற்கு மூன்று காவல்கள் வையுங்கள். செட் மைனஸ் யு போட்டால், மதிப்பே வைக்காத வேரியபிளைத் தொட்டதும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஆனால் காலியாக வைத்த வேரியபிளை அது பிடிக்காது. அதனால் நீக்கும் வரியில் வேரியபிளுக்குள்ளேயே “காலியாக இருந்தால் நிறுத்து” என்ற கேள்விக்குறி வடிவத்தையும் போடுங்கள். மூன்றாவது, நீக்குவதற்கு முன் எல்விஎஸ்ஸிடம் அந்த எல்வியின் ஆரிஜின் என்ன என்று கேளுங்கள். பதில் காலியாக வந்தால் அது ஸ்னாப்ஷாட் அல்ல, கையை எடுத்துவிடுங்கள்.

பெயர் வைப்பதிலும் ஒரு வார்த்தை. “ஸ்னாப்ஷாட்” என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் பெயரை எல்விஎம் ஏற்காது. அது அதன் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டது. “பேக்கப்” என்று தொடங்கி விஎம் பெயரை ஒட்டுங்கள். பெயரில் ஹைஃபன் வந்தால் டெவ் மேப்பர் டைரக்டரியில் அது இரட்டை ஹைஃபனாகத் தெரியும். அந்தப் பாதையை ஸ்கிரிப்ட்டில் கோர்த்துக் கட்டியவர்கள் டிவைஸைக் காணாமல் முழிப்பார்கள். டெவ், அதற்குள் விஜி, அதற்குள் எல்வி என்ற பாதையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

4. முன்சோதனைகள், இதே வரிசையில்

முதலில் பூட்டு. எஃப்-லாக் மைனஸ் என் போட்டு, முந்தைய ஓட்டம் இன்னும் முடியாவிட்டால் இந்த ஓட்டம் வெளியேறட்டும். டிராப் போட்ட வரி இந்தப் பூட்டுக்குப் பிறகுதான் வர வேண்டும். இல்லையென்றால் பூட்டு கிடைக்காமல் வெளியேறும் இரண்டாவது ஓட்டத்தின் துப்புரவு, முதல் ஓட்டத்தின் ஸ்னாப்ஷாட்டை நீக்கப் பார்க்கும்.

பூட்டு கிடைத்த பிறகுதான் பழைய எச்சத்தைத் தேட வேண்டும். கரண்ட் போனாலோ, கில் மைனஸ் 9 வாங்கினாலோ டிராப் ஓடாது. நம் பெயரில் ஸ்னாப்ஷாட் கிடந்தால், மேலே சொன்ன காவல்களோடு நீக்கிவிட்டுத் தொடருங்கள். இந்த இரண்டையும் இடம் மாற்றி எழுதினால், ஓடிக்கொண்டிருக்கும் காப்பியின் காலடியை நீங்களே வாருவீர்கள்.

அடுத்து, பேக்கப் டைரக்டரி உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று மவுண்ட்-பாயிண்ட் கமாண்டால் பாருங்கள். டைரக்டரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மவுண்ட் ஆகாத நாளிலும் வெறும் டைரக்டரி அங்கே இருக்கும். காப்பி ஹோஸ்டின் ரூட் பார்ட்டிஷனில் போய் விழுந்து அதை நிரப்பும். அதன் பிறகு அந்த இடத்தில் காலி இடத்தையும், விஜியில் காலி இடத்தையும் பார்த்துவிட்டு, வேறு பயனர்கள் ஃபைலைப் படிக்க முடியாதபடி யுமாஸ்க்கை 077 ஆக்குங்கள். டிஸ்க் இமேஜில் எல்லா பாஸ்வேர்ட் ஹாஷும், எல்லா பிரைவேட் கீயும் இருக்கிறது.

5. உறைய வை, எடு, விடுவி

விர்ஷ் டாம்-எஃப்எஸ்-ஃப்ரீஸ், பிறகு எல்வி-கிரியேட் மைனஸ் எஸ், பிறகு டாம்-எஃப்எஸ்-தா. இந்த மூன்றுக்கும் நடுவில் வேறு எதுவும் வரக் கூடாது. ஸ்னாப்ஷாட் பெயரைத் தயார் செய்வது, அளவைக் கணக்கிடுவது, லாக் எழுதுவது எல்லாம் உறைய வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உறைந்த நேரத்தில் விஎம்முக்குள் எழுத வருகிற எல்லாமே வரிசையில் நிற்கும். பொதுவாக ஓரிரண்டு நொடிதான், ஆனாலும் நீங்கள் அதை நீட்டாதீர்கள். விண்டோஸ் கெஸ்ட்டில் விஎஸ்எஸ் (விண்டோஸின் ஸ்னாப்ஷாட் சேவை) அதிக நேரம் காத்திருக்காது; சில நொடிகளில் தானே விட்டுவிடும்.

உறைய வைக்கும் கமாண்டை டைம்-அவுட் கமாண்டுக்குள் வைத்துக் கூப்பிடுங்கள், 30 நொடி போதும். ஏஜென்ட் பதில் சொல்லாமல் தொங்கினால் ஸ்கிரிப்ட்டும் விடியும்வரை தொங்கும்.

உறைய வைப்பதால் என்ன லாபம்? கெஸ்ட்டின் மெமரியில் எழுதப்படக் காத்திருக்கும் டேட்டா டிஸ்க்குக்கு வந்து, ஃபைல் சிஸ்டம் சுத்தமான நிலையில் நிற்கும். இல்லாமல் எடுத்தால், கரண்ட் போன மெஷினின் டிஸ்க் மாதிரி இருக்கும். ஜர்னல் உள்ள ஃபைல் சிஸ்டமும் ஒழுங்கான டேட்டாபேஸும் அதிலிருந்து எழுந்துவிடும், ஆனால் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். டேட்டாபேஸும் அமைதியாக நிற்க வேண்டுமென்றால், கெஸ்ட் ஏஜென்ட்டின் ஹூக் ஸ்கிரிப்ட்டில் அதற்கான கமாண்டை வைக்கலாம். உறையும் முன்பும் விடுவித்த பின்பும் ஏஜென்ட் அதைக் கூப்பிடும்.

ஒரு விஎம்முக்கு இரண்டு டிஸ்க் இருந்தால்? தனித்தனி எல்விகளுக்கு ஒரே கணத்தில் எடுக்க ஒற்றைக் கமாண்ட் இல்லை. அதனால் ஒருமுறை உறைய வைத்து, இரண்டையும் எடுத்து, பிறகு ஒருமுறை விடுவியுங்கள். டிஸ்க்குக்கு டிஸ்க் உறைய வைத்து விடுவிக்கும் லூப்பைப் பலரும் எழுதுகிறார்கள். அதில் டேட்டா ஒரு கணம், அதன் லாக் இன்னொரு கணம் என்று போய்விடும்.

ஏஜென்ட் இல்லாத கெஸ்ட்டுக்கு விர்ஷ் சஸ்பெண்ட், ரெஸ்யூம் உண்டு. விஎம்மை அப்படியே நிறுத்திவிடும். எல்லா டிஸ்க்கும் ஒரே கணத்தில் நிற்கும். கெஸ்ட்டின் மெமரியில் இருப்பது மட்டும் வந்திருக்காது. அப்படி எடுத்த பேக்கப்பின் பெயரிலேயே அதைக் குறித்து வையுங்கள். மீட்கிறவருக்குத் தெரிய வேண்டும். துப்புரவு ஃபங்ஷனில் ரெஸ்யூமையும் சேர்க்க மறக்காதீர்கள்.

6. காப்பி: பொய் சொல்லும் பைப்

டிடி ஸ்னாப்ஷாட்டைப் படிக்கிறது, பைப் (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் இணைப்பு) வழியாக இசட்-எஸ்டிடி சுருக்குகிறது, ஃபைலில் விழுகிறது. எளிமையானதுதான். டிடியின் பிளாக் அளவை 4 எம்பி வையுங்கள்; இயல்பான 512 பைட்டில் விட்டால் நடந்து போவது போல் போகும். படிப்பதை டைரக்ட் ஃபிளாகுடன் செய்தால், ஒருமுறை மட்டும் படிக்கும் 100 ஜிபிக்காக ஹோஸ்டின் கேஷ் முழுதும் காலியாகாது. இசட்-எஸ்டிடிக்கு எல்லா கோர்களையும் கொடுக்காதீர்கள், விஎம்களும் அதே கோர்களில்தான் ஓடுகின்றன. இரண்டு திரெட், நைஸ் 19 (மிகக் குறைந்த முன்னுரிமை), சுருக்க நிலை 3. அது போதும்.

இப்போது பொய். பைப்பில் ஓடும் கமாண்டுகளில் கடைசியாக நிற்பதன் எக்ஸிட் கோடைத்தான் பேஷ் இயல்பில் பார்க்கும். காப்பி 60 சதவீதம் ஆனபோது ஸ்னாப்ஷாட் நிரம்பிச் செத்தால் டிடி எரரோடு நிற்கும். இசட்-எஸ்டிடிக்கு அது தெரியாது. “சரி, டேட்டா முடிந்துவிட்டது போல” என்று ஃபைலை ஒழுங்காக மூடி, பூஜ்யம் என்று திரும்பும். ஸ்கிரிப்ட் வெற்றி என்று எழுதும்.

கவனியுங்கள், இசட்-எஸ்டிடியின் சோதனை ஆப்ஷனும் அந்த ஃபைலைச் சரி என்றே சொல்லும். ஏனென்றால் அது முறையாகச் சுருக்கப்பட்ட ஃபைல்தான், உள்ளே பாதி டிஸ்க்தான் இருக்கிறது என்பதைத் தவிர. பேக்கப் ஃபைல்களின் பட்டியலில் தேதிவாரியாக அளவுகளைப் பார்த்தபோது, 38 ஜிபி, 38 ஜிபி, 39 ஜிபி என்று வந்துகொண்டிருந்தது ஒரு நாளிலிருந்து 21, 24, 19 என்று மாறியிருந்ததை ஒருமுறை கண்டேன். லாகில் எல்லா நாளும் பச்சை. அன்றைக்கு விஎம்மில் புது வேலை ஒன்று சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

செட் மைனஸ் ஓ பைப்-ஃபெயில் என்ற ஒரு வரி இதைத் தடுக்கும். அது இல்லாத எந்த பேக்கப் ஸ்கிரிப்ட்டையும் நான் நம்புவதில்லை.

அதோடு நில்லாமல், விரித்தால் வரும் பைட்டுகளை எண்ணி, டிஸ்க்கின் அளவோடு ஒப்பிடுங்கள். டிஸ்க்கின் அளவை பிளாக்-டெவ் கமாண்டின் கெட்சைஸ்64 ஆப்ஷனால் எடுத்து, பேக்கப்போடு ஒரு சின்ன ஃபைலில் வைத்துவிடுங்கள். மீட்கும் நாளிலும் அது தேவைப்படும்.

காப்பி ஓடும்போது ஃபைலுக்கு “பாதி” என்பது தெரிகிற ஒரு பின்னொட்டு வையுங்கள். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகே சரியான பெயருக்கு மாற்றுங்கள். பெயரைப் பார்த்தே முடிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

டிடிக்குப் பதில் கியூஎமு-இமேஜின் கன்வெர்ட்டைப் பயன்படுத்துபவர்கள், மூலத்தின் ஃபார்மட் ரா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது டிஸ்க்கின் தலைப்பகுதியைப் படித்து ஊகிக்கும். அந்தத் தலைப்பகுதியில் என்ன எழுதுவது என்பது கெஸ்ட்டின் கையில் இருக்கிறது, ஆகவே ஊகம் தவறலாம்.

7. நீக்குவதற்கு முன் ஒரு கேள்வி

காப்பி முடிந்ததும் உடனே ஸ்னாப்ஷாட்டை நீக்கத் தோன்றும். அதற்கு முன் எல்விஎஸ்ஸிடம் அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். ஆட்ரிபியூட் நெடுவரிசையில் ஐந்தாவது எழுத்து சின்ன ஏ என்றால் நலம். பெரிய ஐ என்றால் செல்லாததாகிவிட்டது. நீக்கிய பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. டேட்டா சதவீதத்தையும் லாகில் எழுதி வையுங்கள். தினமும் 35 என்று இருந்தது 60, 70 என்று ஏறினால், நிரம்பும் நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.

நீக்கும்போது “பயன்பாட்டில் இருக்கிறது” என்று மறுத்தால், ஹோஸ்ட் அந்த ஸ்னாப்ஷாட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். யுடெவ்-அட்ம் செட்டில் போட்டுச் சில நொடி விட்டு மறுபடி முயலுங்கள். கெஸ்ட்டே உள்ளே எல்விஎம் வைத்திருந்தால், ஹோஸ்ட் மூலத்திலும் ஸ்னாப்ஷாட்டிலும் ஒரே அடையாளமுள்ள இரண்டு பிவிகளை (எல்விஎம்முக்குக் கொடுத்த டிஸ்க்குகள்) பார்த்துக் குழம்பலாம். எல்விஎம் கான்ஃபிக்கில் எல்விகளை ஸ்கேன் செய்யும் ஆப்ஷன் அணைந்திருக்கட்டும்.

8. டிஸ்க்கோடு சேர்த்து எடுக்க வேண்டியவை

விர்ஷ் டம்ப்-எக்ஸ்எம்எல்லை இன்ஆக்டிவ் ஆப்ஷனோடு எடுத்து வையுங்கள். யுஇஎஃப்ஐயில் பூட் ஆகும் விஎம் என்றால் அதன் என்வி-ராம் ஃபைலும் (பூட் அமைப்புகள் இருப்பது), மெய்நிகர் டிபிஎம் (சாவிகளைக் காக்கும் சிப்) இருந்தால் அதன் டைரக்டரியும் வேண்டும். டிபிஎம்மில் சாவி வைத்துப் பூட்டிய டிஸ்க்கை, டிபிஎம் இல்லாமல் மீட்டுக் கொண்டுவந்து என்ன செய்வது?

9. பழையதைக் கழிப்பது

14 நாளுக்கு மேல் ஆனதை அழி என்று ஃபைண்ட் கமாண்ட் போடுவது எல்லோரும் செய்வது. பேக்கப் 15 நாள் தொடர்ந்து தோற்றால் அது விசுவாசமாகக் கடைசி நல்ல காப்பியையும் அழித்துவிடும். நாளை எண்ணாமல் காப்பிகளை எண்ணுங்கள்: சோதனையில் தேறியவற்றில் கடைசி 7 இருக்கட்டும். புதியது தேறிய பிறகே பழையதைத் தொடுங்கள்.

10. கிரானில் போடும்போது

கையால் ஓட்டினால் ஓடும், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடாது. பெரும்பாலும் பாத் (கமாண்டுகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) பிரச்சினைதான். எல்விஎம் கமாண்டுகள் எஸ்பின்னில் இருக்கின்றன, பயனரின் கிரான்டேபில் இயல்பான பாத்தில் அது இருப்பதில்லை. ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே பாத்தை எழுதிவிடுங்கள். கிரான்டேப் வரியில் சதவீதக் குறி போட்டால் அங்கே வரி முறிந்துவிடும். தேதி வைத்த லாக் பெயரை ஸ்கிரிப்ட்டுக்குள் உருவாக்குங்கள். சிஸ்டம்டி டைமரில் போட்டால் பெர்சிஸ்டன்ட் ஆப்ஷனை இயக்குங்கள், ஹோஸ்ட் அணைந்திருந்த நேரத்தில் தவறிய ஓட்டம் பிறகு ஓடும்.

தோல்வியடைந்தால் மெயில் அனுப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லை என்றால் யார் அனுப்புவது? வெற்றி ஆனதும் ஒரு ஃபைலில் நேரத்தை எழுதட்டும். வேறொரு மெஷின் அதைப் பார்த்து, 26 மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் கத்தட்டும்.

11. மீட்டுப் பாருங்கள்

சேமித்து வைத்த பைட் அளவிலேயே புது எல்வி ஒன்றை உருவாக்குங்கள். பெரிதாக இருந்தால் பாதகமில்லை, ஒரு பைட் குறைந்தாலும் வால் அறுந்துவிடும். பிறகு இசட்-எஸ்டிடியில் விரித்து டிடியால் எழுதுங்கள், முடிவில் எஃப்சிங்க் இருக்கட்டும்.

இங்கே டிடியின் ஸ்பார்ஸ் ஆப்ஷனைப் போடாதீர்கள். பூஜ்யமான பகுதிகளை எழுதாமல் தாண்டிப்போவதுதான் அதன் வேலை. சாதாரண எல்வி உருவாகும்போது முழுதும் துடைக்கப்படுவதில்லை. முன்பு அந்த இடத்தில் இருந்த எதுவோ அப்படியே கிடக்கும். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய குப்பை நிற்கும். புதிதாக உருவாக்கிய தின் எல்வியில் மட்டும் இதைப் போடலாம், ஏனென்றால் எழுதாத இடத்தைப் படித்தால் அங்கே பூஜ்யம்தான் வரும்.

அப்புறம் எக்ஸ்எம்எல். அதை அப்படியே விர்ஷ் டிஃபைன் செய்தால் பெயரும் யுயுஐடியும் ஒன்றாக இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் அசல் விஎம்மின் வரையறை மேலேயே எழுதிவிடும். பெயரை மாற்றுங்கள், யுயுஐடி வரியையும் மேக் முகவரியையும் எடுத்துவிடுங்கள், லிப்விர்ட் புதிதாகக் கொடுக்கும். டிஸ்க் பாதையைப் புது எல்விக்கு மாற்றுங்கள். என்வி-ராம் பாதையும் அசலைக் காட்டக் கூடாது. நெட்வொர்க் லிங்கை டவுன் என்று வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் இரட்டைப் பிறவி எழுந்து அதே ஐபியோடு வந்து, வரிசையில் இருக்கும் மெயில்களையெல்லாம் இன்னொருமுறை அனுப்பும்.

கன்சோலில் லாகின் வந்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். டேட்டாபேஸைத் திறந்து கடைசிப் பதிவின் நேரத்தைப் பாருங்கள். பேக்கப் லாகில் உறைய வைத்த நேரத்தை ஒட்டி இருக்க வேண்டும். தொடங்கியதிலிருந்து இதுவரை எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் லாக் ஃபைலிலேயே குறித்துவிட்டு, சோதனை விஎம்மை நிறுத்தி, அதன் வரையறையை நீக்கி, எல்வியை முழுப் பெயரோடு, மைனஸ் எஃப் போடாமல், கேள்விக்கு “ஒய்” தட்டி நீக்குங்கள்.